சொத்து எண் இல்லாத ஸ்டூல்

சார்,

இன்று காலையிலிருந்து நல்ல மழை. தகரக் கூரை போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழவில்லை. ஆனால் பெல்ட் ஓரமாகப் போனபோது பெருங்காய வாசனை அடித்தது. உங்கள் ஸ்டூல்தான். ஈரக் காற்று பட்டால் போதும், அது இன்னமும் மாவடு ஊறுகாய் மணக்கிறது. அட்டைப்பெட்டியும் ஒட்டு டேப்பும் டீசலும் கலந்த இந்தக் கொட்டகைக்குள் ஒரு ஸ்ரீரங்கத்து அடுக்களை மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி.

புது மேனேஜர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்று கையில் ஸ்டிக்கர் சுருளோடு கீழே இறங்கினார். கம்பெனிக்குச் சொந்தமான பொருளுக்கெல்லாம் எண் ஒட்ட வேண்டுமாம். மின்விசிறிக்கு ஒன்று, தள்ளுவண்டிக்கு ஒன்று, குப்பைக்கூடைக்கு ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். என் நெற்றியிலும் ஒட்டிவிட்டால் வீட்டில் என்ன பதில் சொல்வது?

ஸ்டூல் பக்கத்தில் வந்தவர் குனிந்து பார்த்தார். நான்கு கால், நடுவில் ஊறுகாய் ஜாடி வைத்து வைத்துப் பதிந்த எண்ணெய் வட்டம்.

"இது எந்தப் பர்ச்சேஸ்ல வந்துச்சும்மா?"

"பர்ச்சேஸ்ல வரல சார். ஸ்ரீரங்கத்துலேருந்து ஸ்கூட்டர்ல வந்துச்சு."

"கணக்குல இல்லாத பொருள் ஃப்ளோர்ல இருக்கக் கூடாதும்மா."

அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது. "சாப்பாட்டுக்கு அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். அவர் திரும்பி வந்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வேலை முடிந்து சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது உங்களிடம் ஒரு கதையை முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. நடுவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. இதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், சார்.

நீங்கள் முதன்முதலாக எங்கள் முன்னால் நின்ற நாள் நினைவிருக்கிறதா? அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் காந்தி மார்க்கெட் பக்கத்து லாரி செட்டை முதலாளி கைமாற்றிவிட்டிருந்தார். அங்கே மூட்டை தூக்கினவர்கள், கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்த நான், எல்லோரையும் பெரிய கம்பெனி ஒன்று அப்படியே எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோட்டில் இந்தப் புதுக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தது. மூட்டை போய் பார்சல் வந்தது. வெங்காயமும் வெல்லமும் போய் யார் யாரோ போனில் அழுத்தி வாங்கிய செருப்பும் சட்டையும் மிக்ஸியும் வந்தன. உருளுகிற பெல்ட், சுவரில் டிவி, வாசலில் முகத்தைப் பார்த்து வருகை போடுகிற கண்ணாடி. எங்களுக்கு எது எதற்கென்றே தெரியாது.

நீங்கள் மனிதவள அதிகாரி என்றார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, பளபளவென்று ஷூ. கையில் இருந்த தாளைப் பார்த்து, இனி இங்கே லோடுமேன் கிடையாது, மேஸ்திரி கிடையாது, எல்லோரும் அசோசியேட் என்று வாசித்தீர்கள். மலைக்கோட்டைப் பக்கத்துக்காரர் சுல்தான் பாய் அத்தனை வருடம் எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டதோடு சரி. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், பேரை மாத்திட்டா பெட்டி எடை குறையுமா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "குறையாதும்மா. ஆனா இதை வாசிக்கலேன்னா என் வேலை குறைஞ்சுடும்" என்றீர்கள். இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

எங்கள் பழைய வழக்கம் ஒன்று உங்களுக்கு அப்போது தெரியாது. லாரி செட்டில் காலையில் வேலை தொடங்கும் முன் சுல்தான் பாய் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இன்னிக்கு யாருக்கு நோவு?" இடுப்போ, முட்டியோ, முதல்நாள் காய்ச்சலோ, யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் கையைத் தூக்குவார். அன்றைக்கு அவர் மூட்டை தூக்க வேண்டாம். லாரி வாசலில் நின்று ஒவ்வொரு மூட்டை போகும்போதும் உரக்க எண்ணிக்கை சொல்ல வேண்டும். மற்றவர்கள் தூக்குவார்கள். பொய் சொல்லி ஏமாற்ற மாட்டார்களா என்று பிற்பாடு நீங்கள்கூடக் கேட்டீர்கள். பொழுதுக்கும் கத்தி எண்ணிப் பாருங்கள் சார், தொண்டை புண்ணாகிவிடும். தவிரவும், கூட்டாளிகள் வியர்த்துப் போவதைச் சும்மா நின்று பார்ப்பது மூட்டையைவிடக் கனம்.

கொட்டகைக்கு வந்த பிறகு ஆளுக்கொரு ஸ்கேனர் கொடுத்தார்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும், பெட்டி மேல் காட்டினால் கீச்சென்று கத்தும். ஒரு நாள் பயிற்சி என்று யாரோ வந்து வேகமாகப் பேசிவிட்டுப் போனார். எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான்: இது பெட்டியை எண்ணுகிற சாமான். எண்ணுகிற வேலை யாருடையது? நோவு உள்ளவருடையது. அதனால் ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக் கருப்பையா அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் தூசி படாமல் பெட்டியில் மூடி வைத்தோம். அண்ணன் துறையூர்ப் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவர். அப்போது அவருக்கு இடுப்பில் எலும்பு விலகி, குனிந்து செருப்பு வாரைப் போடவும் ஆள் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் எடை தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் தூக்க, அவர் சுட, வேலை தண்ணீர் மாதிரி ஓடியது. அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கி பெட்டியை எண்ணவில்லை, அதைப் பிடித்திருக்கிற ஆளை எண்ணுகிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மாதம் முடிந்ததும் நீங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏம்மா பொன்னி, நீ இந்த மாசம் முழுக்க ஒரு பெட்டியைக்கூடத் தொடலையாமே?"

"அப்ப தினம் என் முதுகை யாரு சார் ஒடிச்சா?"

"சென்னை ஹெட் ஆபீஸ்லேர்ந்து சொல்றா. உன் பேருக்கு நேரே பூஜ்யம். சுல்தான் பாய் பூஜ்யம். இந்த லைன்ல எல்லாருமே பூஜ்யம், கருப்பையாவைத் தவிர. அவர் மாநிலத்துலேயே முதல்."

கருப்பையா அண்ணன் திரும்பிப் பார்க்க முயன்றார். இடுப்பு திரும்பவில்லை. துப்பாக்கியோடு முழு உடம்பும் சேர்ந்து திரும்பியது.

"நானா சார்?"

"நீர்தான். ஓசூர்ல புதுசா கொட்டகை திறக்கறாளாம். வேகமா பெட்டி தூக்கறது எப்படின்னு அங்கே இருக்கறவாளுக்குக் கத்துக்கொடுக்க உம்மை அனுப்பச் சொல்லி உத்தரவு."

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு பைபாஸ் ரோடுவரை கேட்டிருக்கும். அண்ணனுக்கே சிரிப்பு தாங்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. உத்தரவின் மறுபாதியைப் பிறகுதான் சொன்னீர்கள். பூஜ்யம் வாங்கினவர்களையெல்லாம் எடுத்துவிட்டுக் காண்டிராக்ட் ஆட்களைப் போட வேண்டும். வாரக் கடைசிக்குள்.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. என் மகள் அப்போது நர்சிங் சேர்ந்த புதிது. எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு அடுப்பு இந்த ஒரு வேலையை நம்பித்தான் எரிந்தது. எல்லோர் வீட்டிலும் அதே கதைதான்.

நீங்கள் ஒருவரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் வந்து பெல்ட் ஓரமாக நின்றவர் சாயங்காலம்வரை நகரவே இல்லை. பெட்டி எப்படி வருகிறது, யார் எடுக்கிறார்கள், கருப்பையா அண்ணன் எங்கே நிற்கிறார், எல்லாவற்றையும் பார்த்தீர்கள். பாய் பழைய வழக்கத்தைச் சொன்னபோது கேட்டுக்கொண்டே உங்கள் பளபள ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். கால் கடுத்துவிட்டது பாவம். "கோயில்ல இவ்வளவு நேரம் நின்னிருந்தா நேரா மோட்சம் சார்" என்றேன். "அங்கேயும் வரிசைதாம்மா. ஆனா பெருமாள் தலை எண்றதில்லை" என்றீர்கள்.

அப்போதிருந்த மேனேஜருக்கு எளிதான வழி ஒன்று இருந்தது. அவர் நல்லவர்தான், பயந்த சுபாவம். "நாளைலேருந்து ஆளுக்கொரு ஸ்கேனர் எடுத்துக்கட்டும். ஒரு மாசம் தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிடலாம். முடிஞ்சுது" என்றார். எங்களுக்கும் அது நல்லதாகவே பட்டது. நீங்கள்தான் கேட்டீர்கள்: "அப்போ அடுத்த மாசம் யாருக்குப் பூஜ்யம் வரும்?"

எல்லோரும் கருப்பையா அண்ணனைப் பார்த்தோம். ஆளுக்கு ஆள் எண்ணினால், தூக்க முடியாதவருக்கு என்ன வரும்?

அண்ணன்தான் வாயைத் திறந்தார். "நான் ஊருக்குப் போயிடறேன் சார். ஒருத்தனுக்காக எல்லாரும் எதுக்கு?"

"நீர் சும்மா இரும். உம்மை யாரும் கேக்கலை" என்று அதட்டினீர்கள். உங்கள் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சென்னை அதிகாரிகளோடு வீடியோவில் பேசுகிற கூட்டம் எப்போதும் மேலே ஏசி அறையில்தான் நடக்கும். அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, பெட்டிகளை அடுக்கி அதன் மேல் வைத்தீர்கள். சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். பின்னால் பெல்ட் ஓடுகிறது, நாங்கள் வேலை செய்கிறோம், காது மட்டும் உங்கள் பக்கம். பாதி இங்கிலீஷில் பேசினீர்கள். எனக்குப் புரிந்தது தமிழ்ப் பாதி. எனக்கு அது போதும்.

"இங்கே வேலை செய்யறது தனித்தனி ஆள் இல்லை. ஒரு லைன். நாம எண்ணினதுதான் தப்பு. இவாளுக்குச் சரியா சொல்லிக்கொடுக்காம விட்டது என் பொறுப்பு. பேரை எடுக்கறதுன்னா என் பேர்லேர்ந்து ஆரம்பியுங்கோ."

சதுரத்துக்குள்ளிருந்த ஒரு அம்மா கேட்டார்: "எல்லாரும் தூக்கறாங்க, அவர் மட்டும் ஏன் நிக்கறாரு?"

"இன்னிக்கு அவருக்கு நோவு. நாளைக்கு வேற யாருக்காவது வரும்" என்றீர்கள். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். நான் ஒரு பெட்டியைத் தூக்கியபடியே அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவைத்தேன். வேலை விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்க நின்ற மாதிரி இருந்தது என்று பாய் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

கொஞ்ச காலம் லைனை மொத்தமாக எண்ணிப் பார்க்கலாம், சரிவந்தால் தொடரலாம் என்று முடிவானது. சரியாகத்தான் வந்தது. இப்போது வேறு ஊர்க் கொட்டகைகளிலும் இப்படித்தானாம். நீளமாக ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்து, வருகிற புது அதிகாரிகள் எங்களுக்கே அதை விளக்குகிறார்கள். நாங்களும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி தலையாட்டிக்கொள்கிறோம். உங்களுக்குச் சென்னையில் பெரிய பதவி வருவதாக இருந்ததும், அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அது வேறொருவருக்குப் போனதும் வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "ரங்கநாதரை விட்டுட்டு எங்கேம்மா போறது? இங்கேயே வாரா வாரம் லேட்டாத்தான் போறேன், அவர் கோச்சுக்கறதில்லை" என்று மழுப்பினீர்கள்.

ஸ்டூல் வந்தது அந்த வீடியோ கூட்டத்துக்கு அடுத்த வாரம். கருப்பையா அண்ணனுக்கு ரொம்ப நேரம் நிற்கவும் முடியவில்லை. வேலை நடக்கிற இடத்தில் நாற்காலி கூடாது என்பது விதி. நீங்கள் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவே இல்லை. ஒரு நாள் காலை உங்கள் ஸ்கூட்டர் உள்ளே நுழைகிறது. பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மர ஸ்டூல், நான்கு காலும் வானத்தைப் பார்த்தபடி. காவிரிப் பாலம் முழுக்க ஜனங்கள் திரும்பிப் பார்த்ததாகச் சொன்னீர்கள்.

"என்ன சார், வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?"

"ஆத்துலே பரண்லேர்ந்து ஜாடி எடுக்கறதுக்கு இதுலேதான் ஏறுவா. இது நாற்காலி இல்லையோன்னோ? விதியிலே ஸ்டூல்னு எழுதலை."

கட்டை அவிழ்ப்பதற்குள் உங்கள் போன் அடித்தது. உங்கள் வீட்டு மாமியின் குரல் எங்களுக்கே கேட்டது. "ஊறுகாய் ஜாடியை எடுக்கப் போறேன், ஸ்டூலைக் காணோம். நான் இப்போ எது மேலே ஏறுவேன், உங்க தலை மேலேயா?" நீங்கள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, எங்களைச் சிரிக்காதீர்கள் என்று சைகை காட்டினீர்கள். நாங்கள் எங்கே கேட்டோம்?

அன்றிலிருந்து காலையில் மாடிக்குப் போகும் முன் பெல்ட் பக்கம் வருவது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பாயிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அந்தக் கேள்வியை நீங்களே கேட்க ஆரம்பித்தீர்கள். "இன்னிக்கு யாருக்கு நோவு?" முதல் நாள் அதை மந்திரம் சொல்கிற மாதிரி இழுத்துச் சொன்னீர்கள். நான் பின்னாலேயே 'ஆமென்' போட்டேன். "அது வேற கோயில்டி" என்றார் பாய். பழகப் பழக எங்களைப் போலவே வெடுக்கென்று கேட்கக் கற்றுக்கொண்டீர்கள். யார் கை தூக்குகிறார்களோ அவர்களுக்கு ஸ்டூல்.

ஒரு தடவை நான் திருப்பிக் கேட்டேன். "எல்லாரையும் கேக்கறீங்க. உங்களுக்கு என்ன நோவு சார்?"

"எனக்கென்ன? ஏசியிலே உக்காந்துண்டு பார்க்கற உத்தியோகம்."

அதற்கப்புறம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து, நடுவில் நின்று நின்று ஏறத் தொடங்கினீர்கள். "என்ன சார், ராஜநடையா?" என்றேன். சிரித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் காபி கேட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. நெஞ்சுவலி சில மாதமாகவே இருந்ததாம். மாமியிடம்கூடச் சொல்லவில்லை, பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம்.

நாங்கள் எல்லோரும் ஒரு வேனில் ஸ்ரீரங்கம் வந்தோம். சித்திரை வீதியில் உங்கள் வீட்டு வாசலில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றோம். அழுது முடித்திருந்த மாமி எங்களைப் பார்த்ததும், "நீதானே பொன்னி?" என்றார். எப்படித் தெரிந்ததோ. "அந்த ஸ்டூல் நன்னா இருக்கா?" என்று கேட்டார். நாளைக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறோம் என்றார் பாய். "வேண்டாம். அங்கேயே இருக்கட்டும். நான் ஜாடியை எல்லாம் கீழே இறக்கி வெச்சுண்டுட்டேன்" என்றார் மாமி. அங்கே அழுகையை அடக்கிக்கொண்டவள்தான் நான். பாலம் தாண்டும்போது அடக்க முடியவில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம், சார். எங்களிடம் கற்றுக்கொண்ட கேள்வியைத் தினம் எங்களிடமே கேட்டீர்கள். அது மாடிப்படி ஏறவில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு நோவு வராது என்று நீங்களும் நினைத்துவிட்டீர்கள், நாங்களும் நினைத்துவிட்டோம்.

இப்போது நான் லைன் லீடர். அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். எட்டாவதைப் பாதியில் விட்டவள் கழுத்தில் இங்கிலீஷ் எழுத்து தொங்குகிறது, பார்த்தால் ரசித்திருப்பீர்கள். துப்பாக்கி போய் விரலில் மோதிரம் மாதிரி மாட்டுகிற ஸ்கேனர் வந்துவிட்டது. யார் எந்த ஷிப்ட் என்பதை போன் சொல்கிறது. கருப்பையா அண்ணன் ஓய்வு வாங்கிக்கொண்டு துறையூர் போய்விட்டார். போனில் இன்னும் மூட்டை எண்ணுகிற மாதிரி கத்தித்தான் பேசுகிறார், காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

புது மேனேஜர் மத்தியானம் திரும்பி வந்தார். அதே ஸ்டிக்கர் சுருள். என்னை ஒரு பார்வை, ஸ்டூலை ஒரு பார்வை. சிரித்துப் பேசுகிற ஆள் இல்லை. எடுத்து வெளியே போடச் சொன்னால் என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே ஸ்டூலை ஒட்டி நின்றேன். பாய் தூரத்தில் பெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"இதுக்கு என்னம்மா எழுதறது? யாரோடது?"

யாருடையது என்று சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பேசுவதை அப்போதுதான் கவனித்தேன். காலையிலும் கழுத்தை அசைக்காமல்தான் குனிந்தார்.

"சார், இன்னிக்கு உங்களுக்கு எங்க நோவு?"

அவருக்கு விளங்கவில்லை. கோபிப்பாரோ என்று பார்த்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"கழுத்தும்மா. மூணு நாளா திரும்ப மாட்டேங்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார், சார். உங்கள் ஸ்டூலில், ஜாடி வட்டத்தின் மேலேயே. பாய் டீ வரவழைத்தார். பெல்ட் ஓடியது, மழை விட்டிருந்தது. அவர் டீயைக் குடித்துக்கொண்டே, வீட்டில் கைக்குழந்தை, தூக்கமில்லை, மனைவி ஊர் புதிது என்று அழுகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்ததிலிருந்து அவர் எங்களிடம் பேசியதெல்லாம் சேர்த்தால் இன்று பேசியதில் பாதி வராது. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தவர் ஸ்டிக்கர் ஒட்ட மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நாளைக் காலையிலிருந்து லைனில் கேட்டு முடித்ததும் மாடிக்கும் போய்க் கேட்பதாக இருக்கிறேன். மேனேஜர், கணக்கு எழுதுகிற பெண், வாசல் செக்யூரிட்டி, யாரையும் விடப்போவதில்லை. பைத்தியம் என்பார்கள், என்னை அப்படிச் சொல்ல இது முதல் தடவையா? படி ஏறினால் எனக்கு முட்டி வலிக்கும். அதை யாராவது கேட்டால் உங்களைப் போல மழுப்ப மாட்டேன், சார். கையைத் தூக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன்.

பொன்னி